தொண்ணூற்று மூன்றில் வரும் குரல்

இந்த அறையில் எதிரொலி அதிகம். நான்கு பக்கமும் வெறும் சுவர், கீழே ஓடு. அந்த மூலையில் கனமாக ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் பாதி சரியாகிவிடும். இந்தப் பதிவைப் பிறகு யாராவது கேட்டு எழுத வேண்டியிருக்குமே, அவர்களுக்காகச் சொல்கிறேன். ரெக்கார்டரை என் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். நான் மெதுவாகப் பேசுகிறவள்.

சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடுகிறது. என் கைக்கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு. எழுதிக்கொள்ளும்போது என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் டுவைலா கோவாரிக். வயது முப்பத்தெட்டு. மெர்வின் மோட்டார் சைக்கிள் கடையில் பின் அறையில் இருக்கிறேன். நெடுந்தூரம் போகும் பெரிய வண்டிகளுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாற்றித் தருவது என் வேலை. ஜூன் மாதம் மேற்கு நெடுஞ்சாலையில் இறந்துபோன லைல் ஸிக்மண்ட் என் தங்கை கொரினின் கணவர். அவர் எப்படி இறந்தார் என்று சொல்லத்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்.

ஏன் இன்று என்று கேட்டீர்கள். இன்று கடை விடுமுறை. லைலின் நினைவு ஊர்வலம் இன்றைக்குத்தானே. உங்கள் போலீஸ் அலுவலக வண்டி ஒன்று ஊர் எல்லைவரை முன்னால் போகிறது. பத்து மணிக்கு எல்லோரும் ஸ்டாண்டைத் தட்டிக் கிளம்பியிருப்பார்கள். கொரின் முதலில், அவளுக்குப் பின்னால் இருபத்திரண்டு வண்டிகள். இறந்தவரின் மனைவி வண்டி ஓட்டத் தெரிந்தவள் என்றால் அவள்தான் முன்னால் போக வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி.

காபி வேண்டாம். களைப்பாகத் தெரிகிறேனா? ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிற்கும் வண்டியில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் பாடும். அறுபது மைல் வேகத்தைத் தாண்டியதும் காற்று வந்து பாட்டின் அடிப்பகுதியைத் தின்கிறது. இன்னும் வேகம் கூடினால் குரலையும் தின்கிறது. அப்போது ஓட்டுகிறவர் சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். அதன்பிறகு எங்கள் கடைக்கு வந்து இதைவிடப் பெரியது வேண்டும் என்பார். அவருக்கு வேண்டியது சத்தம் இல்லை, தெளிவு. அதைப் புரியவைக்கவே எனக்குப் பாதி நாள் போய்விடும். நான் பேசுவதில் கெட்டிக்காரி இல்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து போனாலும் வயிற்றைப் புரட்டும். லிங்கனில், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தேன், பிறகு போகவில்லை. ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தி முதலாளி மெர்விடம் கொடுத்து அனுப்புவேன். அவர் எழுபதில் கொஞ்ச தூரம், எண்பதில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வருவார். அதில் பதிவான காற்றின் சத்தத்தை என் அறையில் ஓடவிட்டு, அதன் நடுவில் ஸ்பீக்கரைப் பாடவைத்துச் சரிசெய்வேன்.

மெர்வ் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: “எப்பப் பாரு உன் ரூமுல புயல் அடிக்குது. உன் தலமுடி மட்டும் ஒரு நாளும் கலையல டுவைலா.”

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் ஓடும் வண்டிகளின் பாட்டெல்லாம் அந்த அறையில்தான் தயாரானது. சாலையில் அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கொரின் என்னைவிட ஏழு வயது சின்னவள். அம்மாவுக்கு முடியாமல் போனபோது அவளுக்குப் பதினான்கு. அவளை வளர்த்தது நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரின் சத்தம்தான். அவள் படியில் இறங்குவது, குழாயைத் திறப்பது, சனிக்கிழமை காலையில் கொலாச்சி என்ற பழ ரொட்டிக்கு மாவு பிசைந்து மேசையில் அடிப்பது எல்லாம் எனக்கு அறையில் இருந்தபடியே தெரியும். எந்தப் பழம் வைக்கப் போகிறாள் என்பதுகூடக் கிண்ணத்தின் சத்தத்தில் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் லைலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல மனிதர். சத்தமாக நடப்பார், சத்தமாகச் சிரிப்பார். என்னைப் புரொபசரம்மா என்பார்.

“பைக்ல ஏறாமலே பைக்குக்குப் பாட்டு வக்கிற ஒரே ஆளு நீதான் புரொபசரம்மா. நீச்சலே தெரியாம மீனுக்கு டியூஷன் எடுக்கிற.”

கொரின் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

லைலின் அப்பா எமில் ஸிக்மண்ட் போல்கா நடனக் கொட்டகைகளில் அக்கார்டியன் வாசித்துப் பாடியவர். லைலுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். கொட்டகையில் யாரோ பதிவு செய்த ஒரே ஒரு கேசட் மிச்சம். சென்ற ஆண்டு குளிர்காலத்தில் லைல் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார், முட்டையைக் கொண்டு வருவது மாதிரி.

“நெடுஞ்சாலையில எங்கப்பா பாடணும் புரொபசரம்மா. எனக்கு முன்னால, பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து பாடற மாதிரி இருக்கணும். முடியுமா?”

முடியும் என்றேன்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றினேன். இரைச்சலை எடுத்தேன். முன்னால் காற்றுத்தடுப்பில் இரண்டு ஸ்பீக்கர், பின்பெட்டிகளின் மூடியில் இரண்டு, புது ஆம்ப்ளிஃபயர் ஒன்று. மார்ச் மாதம் பனி உருகியதும் அவர் ஓட்டிப் பார்த்தார். அரை மணியில் திரும்பி வந்தார்.

“நல்லாதான் இருக்கு. ஆனா அப்பா இன்னும் கொட்டகைக்கு வெளியில நின்னு பாடறாரு. உள்ள கூப்பிடு அவர.”

சரிசெய்தேன். மறுபடியும் வந்தார். அப்பா உள்ளே வந்துவிட்டார், ஆனால் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறார் என்றார். அதையும் சரிசெய்தேன். ஏப்ரல் மாதத்தில் மட்டும் பதினோரு முறை வந்தார். அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. என் அறையில் நான் வேலை செய்யும்போது மைக் கம்பியை மிதித்துக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேசை அதிரும். என் கிளாஸில் தண்ணீர் வட்டமிடும்.

அந்த மேசையில்தான் அரிசோனா பேச்சு வந்தது.

“இங்க அஞ்சு மாசம் வண்டி போர்வைக்குள்ள கிடக்குது. அங்க பன்னண்டு மாசமும் ஓட்டலாம். என் சிநேகிதன் வேலைக்கே சொல்லி வச்சிட்டான்,” என்றார் லைல்.

“நீயும் வந்துடேன் டுவை,” என்றாள் கொரின்.

“இங்க எனக்கு வேல இருக்கு.”

“அவள விடு கோரி. வெயில்ல வச்சா புரொபசரம்மா சாயம் போயிடுவா.”

சிரித்தோம். அக்டோபரில் கிளம்புவது என்று முடிவாயிற்று. வீட்டை நான் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்கள்.

அன்றைக்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. நின்றுகொண்டே வேலை செய்தேன். வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தேன். ஆள் இல்லாத அறையில் எதிரொலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அளந்தே சொல்லலாம். இந்த அறை மாதிரி இருக்கும்.

மே மாதம் மறுபடியும் அவர் வந்தபோது நான் புதிதாக ஒன்று செய்தேன்.

முன் ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கரும் ஒரே குரலை ஒரே நொடியில் பாட வேண்டும். ஒன்று கண்ணிமைப்பதைவிடக் குறைவான நேரம் பிந்தினாலும் குரல் மெலிந்துவிடும். கெட்டுப்போன மாதிரி தெரியாது. ஒரு திரைக்குப் பின்னால் இருந்து பாடுவது மாதிரி இருக்கும். அந்த ஆம்ப்ளிஃபயருக்கு வண்டியின் வேகம் தெரியும். வேகத்துக்கு ஏற்ப சத்தத்தைக் கூட்டுவதற்காக அதில் ஒரு கம்பி வருகிறது. எல்லோருக்கும் செய்வதுதான். நான் அந்தக் கம்பியை வைத்து, பின் ஸ்பீக்கர் எவ்வளவு பிந்தும் என்பதை வேகத்தோடு சேர்த்துக் கட்டினேன். அறுபதில் கொஞ்சம் திரை. எழுபதில் அதே திரை. எண்பதைத் தாண்டினால் திரை மெல்ல விலகும். தொண்ணூற்று மூன்றில் திரையே இல்லை. குரல் நேராக நெற்றிக்கு முன்னால் வந்து நிற்கும். வேகம் குறைந்தால் மறுபடியும் திரை.

லேப்டாப்பில் நாற்பது நிமிட வேலை. பிரேக்கை நான் தொடவில்லை. டயரைத் தொடவில்லை. வண்டியில் ஓடும் பாகம் எதையும் தொடவில்லை. அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அப்படி நினைக்கவில்லை. கணக்குப் போட்டேன். இரண்டும் ஒன்றல்ல.

அவர் வேலை செய்த தீவனக் கிடங்கு மேற்கே முப்பத்தோரு மைல். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டியதும் பதினெட்டு மைல் வளைவே இல்லாத சாலை. அதன் முடிவில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் திரும்பும் அந்த வளைவு. நாற்பத்தைந்து என்று பலகை வைத்திருக்கிறீர்கள். பக்கத்து மண் சாலையிலிருந்து தீவன லாரிகள் ஏறும்போது சரளைக்கல்லை இழுத்துக்கொண்டு வரும். அறுபத்தைந்தில் வருகிறவருக்குப் பலகையைப் பார்த்துவிட்டுக் குறைக்க நேரம் இருக்கிறது. தொண்ணூற்று மூன்றில் வருகிறவருக்கும் இருக்கிறது, அவர் மனது பலகையில் இருந்தால். ஆனால் குறைத்தால் அப்பா திரைக்குப் பின்னால் போய்விடுவார். பாட்டின் நடுவில் அப்பாவை வெளியே அனுப்ப யாருக்கு மனம் வரும்?

இன்னும் ஒரு அடி பார்ப்போம், இன்னும் ஒரு அடி என்றுதான் தோன்றும். எனக்குப் புரிகிறது. என் வேலையிலும் அப்படித்தான்.

நான்கு நாள் கழித்து மதியம் அவர் என் அறைக்கு ஓடி வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வந்துட்டாரு புரொபசரம்மா.”

“யாரு?”

“எங்கப்பா. தொண்ணூத்தி மூணுல. அதுக்குக் கீழ வரமாட்டேங்கிறாரு, பிடிவாதக்காரன். தொண்ணூத்தி மூணுல முள்ளு நின்னதும் அப்படியே முன்னால வந்து உக்காந்துட்டாரு. மூச்சு விடறதுகூடக் கேக்குது. பாட்டுக்கு நடுவுல சிரிக்கிறாரு தெரியுமா? ஒன்பது வயசுக்கப்புறம் அந்தச் சிரிப்ப இன்னிக்குத்தான் கேட்டேன்.”

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். என்னை யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது. ஹெல்மெட் என் காதில் இடித்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

அன்றைக்கே நான் அதை மாற்றியிருக்கலாம். ஐந்து நிமிடம் போதும். உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் எனக்கு அரிசோனா ஞாபகம் இல்லை. நான் செய்தது சாலையில் சரியாகக் கேட்கிறது என்று முதன்முதலாக ஒருவர் வந்து சொல்கிறார். அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு கேட்கிறதா, அது இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டேன். நடுவுல என்றார். நடுவில்தான் இருக்க வேண்டும்.

அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லையே.

கிடங்கிலிருந்து கிளம்பும்போது அவர் கொரினை அழைத்துச் சொல்வார். சமையலறை ஜன்னலில் நின்று நான் நேரம் பார்ப்பேன். மே மாதத் தொடக்கத்தில் முப்பத்து நான்கு நிமிடம். மாதக் கடைசியில் இருபத்தாறு. “இப்பல்லாம் சாப்பாடு ஆறதுக்கு முன்னாடியே வந்துடறாரு,” என்று கொரின் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் மெர்வ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“உங்க வீட்டு ஆளு பறக்கறான் டுவைலா. நேத்து என்னக் கடந்து போனப்ப கை காட்டக்கூட இல்ல. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வை.”

“சொல்றேன்,” என்றேன்.

சொல்லவில்லை. கொரின் பயந்துபோவாள்.

முப்பத்து நான்கு நாள் அப்படி ஜன்னலில் நின்றேன். அவை நல்ல நாட்கள் இல்லை. ஒவ்வொரு நாளும் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஜன்னலை விட்டு நகர்ந்து மேசையில் தட்டுகளை வைப்பேன். அப்போது தோன்றியது நிம்மதியா வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் பத்தொன்பது, காலை ஏழு மணி சுமாருக்கு அவர் வேலைக்குப் போகும்போது நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. வளைவில் நேராகப் போய் வேலியைத் தாண்டி விழுந்திருந்தார். முதலில் பார்த்த லாரிக்காரர் ஒன்று சொன்னார், உங்கள் அறிக்கையில் அது இருக்கிறதா தெரியவில்லை. வண்டி பள்ளத்தில் கிடந்தது, பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருந்தது என்றார். உண்மைதான். வேகம் பூஜ்யம். அந்த இடத்தில் அது அப்படித்தான் கேட்கும்.

உங்கள் ஆட்கள் பிரேக்கைப் பார்த்தார்கள். டயர், ஆக்சிலேட்டர் கம்பி, அவர் இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதிவேகம் என்று எழுதிக் கோப்பை மூடினீர்கள். ஆம்ப்ளிஃபயரை யாரும் பார்க்கவில்லை. பாட்டுப்பெட்டியை யார் பார்ப்பார்கள்? உங்களைக் குறை சொல்லவில்லை.

மணி பத்து முப்பத்து மூன்று. தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் லைலின் அப்பா கல்லறையருகே பத்து நிமிடம் நிற்பதாகக் கொரின் சொன்னாள். இப்போது முடிந்திருக்கும்.

சரி. வரிசையாகவே வருகிறேன்.

கொரின் என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். வீட்டில்தான் இருந்தாள், என்னோடு இல்லை. சனிக்கிழமை மாவு பிசைவதை நிறுத்திவிட்டாள். ஜூலை மாதம் பழைய பெரிய வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். லைல் அவளுக்கு இரண்டு கோடைகாலம் சின்ன வண்டியில் கற்றுக்கொடுத்திருந்தார். உரிமம் வைத்திருந்தாள். தினமும் ஓட்டினாள். லைலின் சிநேகிதர்கள் நினைவு ஊர்வலம் என்று சொன்னதும், நான்தான் முன்னால் போவேன் என்றாள்.

பிறகு ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் அறைக்கு வந்தாள். அதில் லைலின் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. வண்டியிலிருந்து கழற்றி, அவருடைய கைக்கடிகாரத்தோடும் பர்ஸோடும் சேர்த்து உங்கள் அலுவலகத்தில் அவளிடம் கொடுத்தீர்கள். ரசீதில் உங்கள் கையெழுத்துதான்.

“இத என் வண்டியில போட்டுத் தா டுவை. எதையும் மாத்தாத. அவர் கேட்டத அப்படியே நான் கேக்கணும்.”

“கீழ விழுந்த சாமான். பழுதாகியிருக்கும்.”

“ஆகலன்னா?”

“ஆகலன்னா போடறேன்.”

மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நல்ல ஆம்ப்ளிஃபயர் அது.

கொரின் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சனிக்கிழம ஊர்வலம். ஞாயித்துக்கிழம காலையில நான் கிளம்பறேன். அவர் சாம்பல அரிசோனாவுக்குக் கொண்டுபோறேன்.”

“எப்பத் திரும்பி வருவ?”

“தெரியல டுவை. அந்த வீட்ல எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் மாதிரியே இருக்கு. என்னால இருக்க முடியல.”

அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அந்த வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவள் மாதிரி இருக்கும்.

அவள் தன் கைபேசியையும் கொடுத்தாள். அதில் லைல் ஒருநாள் விட்டுப்போன குரல் செய்தி இருந்தது. எமிலின் இரண்டாவது பாட்டு முடிந்ததும் அது வர வேண்டும் என்று கேட்டாள். செய்து கொடுத்தேன். வேலை என்று வந்தால் நான் மறுத்ததில்லை. அந்தச் செய்தி எனக்கு மனப்பாடம். “கோரி, பாலத்துக்கிட்ட வந்துட்டேன். காபி போட்டு வை. புரொபசரம்மாவுக்கும் சேத்து.” பன்னிரண்டு நொடி. பின்னணியில் காற்று அதிகம். அந்தக் காற்றை எடுத்துவிட்டுக் குரலைத் தனியாக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. என் வேலைகளில் அதுதான் சுத்தமானது என்று சொல்வேன்.

மற்றபடி அவள் சொன்னது போல எதையும் மாற்றவில்லை. ஒரே ஒரு எண்ணைத் தவிர. தொண்ணூற்று மூன்றைத் தொண்ணூறு ஆக்கினேன். அவள் புதிதாக ஓட்டுகிறவள். அவ்வளவு வேகம் அவளுக்குப் பழக்கமில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

போன வாரம் அவள் தனியாக இரண்டு முறை அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவது முறை திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல் வெகுநேரம் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவர் இருக்காரு டுவை. எண்பத்தஞ்சு வரைக்கும் யாரோ மாதிரி இருக்கு. தொண்ணூறு வந்ததும் என் தோள்கிட்ட வந்து பேசறாரு.”

“வளைவுல?”

“வளைவு வரதுக்கு ரொம்ப முன்னாடியே பயந்து பிரேக்கப் பிடிச்சிட்டேன். பாதியில போயிட்டாரு. சனிக்கிழம அப்படி விடமாட்டேன். அவர் முழுசா சொல்லி முடிக்கட்டும்.”

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜூனுக்குப் பிறகு அன்றைக்குத்தான். என்னை யாரும் தொடுவது எனக்குப் பிடிக்காது என்றேன், அது கொரினுக்குப் பொருந்தாது.

ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் ஓட்டுகிறவர்தான். உங்கள் வண்டியில் ஸ்பீக்கர் வைத்ததே நான்தான். முன்னால் போகிறவள் வேகம்தான் எல்லோருடைய வேகமும். யாரும் முந்தக் கூடாது, யாரும் வரிசையை விட்டுப் பின்தங்கவும் கூடாது. பின்னால் இருபத்திரண்டு வண்டி நெருக்கமாக வரும்போது முன்னால் இருக்கிறவள் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. அது அவர்கள் முதல் விதி. லைல் அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான். எங்கள் சமையலறையில் உப்புக் குப்பியையும் கரண்டிகளையும் வரிசையாக நகர்த்திக் காட்டிக்கொடுத்தார். தனியாகப் போனபோது அவள் பிரேக்கைப் பிடித்தாள். இன்று பிடிக்கமாட்டாள். அவள் விதிகளை மதிக்கிறவள். அப்படித்தான் வளர்த்தேன்.

உட்காருங்கள். கதவுக்குப் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து பத்து முப்பதுக்குக் கிளம்பியிருந்தால், ஊர் எல்லையில் உங்கள் வண்டி ஒதுங்கிக்கொள்ள இரண்டு நிமிடம். பிறகு பதினெட்டு மைல், தொண்ணூறில் பன்னிரண்டு நிமிடம். பத்து நாற்பத்து நான்கு. வேகம் எடுக்கக் கொஞ்சம் நேரம் சேர்த்தால் நாற்பத்தைந்து. இப்போது நாற்பத்தேழு. உங்கள் சுவர்க் கடிகாரத்தை நம்பினால் ஐம்பத்தொன்று.

இதை முதலில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நான் வந்து உட்கார்ந்தபோது பத்து பன்னிரண்டு. நேரம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. வீட்டில் இருக்க முடியாமல்தான் ஓடி வந்தேன். வாசலில் நின்றபோது அதைத்தான் முதலில் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசையாகச் சொன்னேன்.

அவளுக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அவள் கேட்டதைத்தான் செய்து கொடுத்தேன். நாளைக்கு அவள் கிளம்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான். பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே. ஒருவேளை வளைவை நன்றாகவே திரும்பியிருப்பாள். சரளைக்கல் இன்று குறைவாக இருக்கலாம். நான் எதையும் தீர்மானிக்கவில்லை. கைப்பிடியை முறுக்குவது அவரவர் கை.

உங்கள் தோளில் இருக்கும் வாக்கி-டாக்கியில் யாரோ பேசுகிறார்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேர். பாலம் என்பது மட்டும் கேட்டது. எத்தனை வண்டி என்று சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டாதீர்கள், கூட்டினால் இன்னும் கிழியும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் குரல் வர வேண்டிய இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது, வலைக்குள் தூசி. கழற்றி இப்படிக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் தெளிவாகக் கேட்கும்படி செய்து தருகிறேன்.